இருபத்துமூன்றாம் டிராக்கில் இரண்டு தட்டு

நவம்பர் 2, ஞாயிறு

கூரியர்காரன் தெருமுனையில் நின்றுகொண்டு போன் செய்தான். சாக்கடை பொங்கிக் கிடப்பதால் உள்ளே வர முடியாதாம். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கணுக்கால் அளவுக் கழிவுநீரில் நடந்துபோய் 'நிலையம் பன்னிரண்டு' விரிவாக்கப் பதிப்பை வாங்கிவந்தேன். முப்பத்தாறு வருடம் காத்திருந்த இசைத்தட்டு இப்படித்தான் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பின்னால் யாராவது இந்த நோட்டைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதிவைக்கிறேன். 1989 தீபாவளிக்கு வந்த விண்வெளிப் படம். பதினோரு நாள் ஓடியது. தெர்மோகோல் ராக்கெட்டையும் குக்கர் மூடியில் செய்த கதவையும் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் மார்க்கபந்துவின் பின்னணி இசையை யாரும் சரியாகக் கேட்கவில்லை. மூன்றே படம் செய்துவிட்டுச் செத்துப்போனார் மனுஷன். ஸ்டுடியோ நாடாக்கள் வெள்ளத்தில் போயின. டிவியில் வரும் பிரதியில் கடைசிப் பன்னிரண்டு நிமிடம் கிடையாது. ஆக, அந்த இசையின் பாதி இன்று உலகத்தில் ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. அது என் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. ஆதிநாதம் ரெக்கார்ட்ஸ்காரர்கள் இருபத்துநான்கு டிராக் போட்டிருக்கிறார்கள் என்றால் அதில் பதினொன்று நான் கணினியில் ஏற்றி அனுப்பியது.

உறையின் பின்பக்கத்தில் பேர் போட்டிருக்கிறார்கள்: 'ஒலிப்பதிவுக் கூடத்தின் நேர்ப்பிரதி உதவி: எஸ். முத்து, திருநெல்வேலி.' சொரிமுத்து என்று முழுப்பேர் கொடுத்திருக்கலாம். பட்டணத்துக்காரர்கள் சிரிப்பார்கள் என்று கொடுக்கவில்லை.

என் மனைவி வடிவு உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கா இம்புட்டு நாளு தவங் கெடந்திய? சரி, வீட்டுக்குள்ள எங்கயோ எலி செத்துக் கெடக்கு. நாத்தம் கொடலப் பெரட்டுது. ஒங்களுக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

நாற்றம் இருக்கத்தான் செய்கிறது.

நவம்பர் 3, திங்கள்

மார்க்கபந்து ரசிகர் வட்டம் என்ற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நானூற்றறுபது பேர். நேற்று மாலையிலிருந்து இன்று காலைக்குள் ஆயிரத்து நூறு செய்தி. ஒருவனாவது இசை நன்றாக இருக்கிறது என்று எழுதவில்லை. உறையின் நீலம் தப்பு என்கிறான் ஒருவன். நான்காம் டிராக்கில் வலது காதில் கேட்க வேண்டியது இடது காதுக்குப் போய்விட்டது என்கிறான் இன்னொருவன். ஒருவன் ஒலியலை வரைபடம் போட்டு அதில் சிவப்பு வட்டம் வரைந்திருக்கிறான். காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் பார்த்துச் சண்டை போடும் ஜென்மங்கள்.

பெரிய சண்டை இருபத்துமூன்றாம் டிராக்கைப் பற்றி. 'கடைசிக் கதவு'. பின்னால் ஒரு மெல்லிய உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் நாற்பத்தோராவது நொடியில் இரும்பின்மேல் இரண்டு தட்டு. டக், டக். அதோடு இசை தேய்ந்து முடியும். இது இரைச்சல், காசு வாங்கிக்கொண்டு அழுக்கை விற்கிறார்கள் என்று ஒரு கட்சி. உறுமல் விண்கலத்தின் இன்ஜின், தட்டு வெளியே நிற்கும் வேற்றுக்கிரகவாசி, மார்க்கபந்து மேதை என்று இன்னொரு கட்சி. குழுவை நடத்தும் கார்முகிலன், ஓசூர்க்காரன், என்னைக் கூப்பிட்டு எழுதினான்: "முத்து சார், கேசட்ட நேர்ல பாத்த ஒரே ஆள் நீங்க. அந்தத் தட்டுக்கு அப்புறம் டேப்ல என்ன இருக்கு?"

ஒன்றுமில்லை, பூஞ்சை பிடித்துவிட்டது என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு நாடாவில் ஒன்றுமில்லை.

நவம்பர் 5, புதன்

சமையல் மேடைக்கடியில் தேடியாயிற்று. பரண் தேடியாயிற்று. எலி இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

கோயம்புத்தூரில் பல் டாக்டர் ஆராவமுதன் என்று ஒருவர் எங்கள் குழுவில் பெரிய தலை. இருபத்தாறு பக்கக் கட்டுரை போட்டிருக்கிறார். 'பிரபஞ்சத்தின் கதவில் இரண்டு தட்டு.' முதல் தட்டு பிறப்பாம், இரண்டாவது தட்டு இறப்பாம். இடைப்பட்ட முக்கால் நொடி மனித வாழ்வாம். மார்க்கபந்து இதற்காக ஒரு கோயில் மணியின் நாக்கைக் கழற்றிவந்து தட்டியிருக்கக்கூடும் என்று ஊகிக்கிறார். உறுமலின் சுருதியை அளந்து, அது சனிக்கோளின் சுழற்சியோடு பொருந்துகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார். இருபத்தேழு வருடம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். அந்தக் கணக்கைப் படித்தபோது குமட்டிக்கொண்டு வந்தது.

இருநூறு பேர் கைகூப்பி வணங்கியிருக்கிறார்கள். "கண்ணீர் வந்துவிட்டது டாக்டர்" என்று ஒருவன். இவன்களுக்கெல்லாம் வேலை வெட்டி இல்லையா.

நானும் "அருமை" என்று போட்டேன். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று குழுவின் காணொலிக் கூட்டம். வடிவு ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்ததால் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். இரைச்சல் கட்சிக்காரன் ஒருவன் நேராகக் கேட்டான்: "சார், தப்பா நெனைக்காதீங்க. ஸ்டுடியோ காப்பின்னு சொல்றீங்க. குடுத்தது யாரு? அவர் பேரு என்ன?"

2009இல், வாட்ஸ்அப்புக்கு வருமுன் குழு மின்னஞ்சலில் நடந்தபோது, நான் எழுதியது இதுதான்: கல்லூரி ஆய்வகத்துக்குச் சாமான் வாங்கச் சென்னை போனபோது, கோடம்பாக்கத்தில் ஓர் ஒலிப்பதிவு உதவியாளர் எனக்கு அந்தக் கேசட்டைத் தந்தார். பதினாறு வருடமாக யாரும் பேர் கேட்கவில்லை. இன்று கேட்டதும் என் வாயிலிருந்து "ராமதுரை" என்று வந்தது. அவர் செத்துவிட்டார் என்றும் வந்தது. நெஞ்சுவலி என்றும் வந்தது. கேசட்டின் மேல் ஒட்டிய காகிதத்தில் மஞ்சளாய் ஒரு கறை இருக்கும். அது ஸ்டுடியோ கேன்டீன் சாம்பார் என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். அதையும் யாரோ ஞாபகமாகக் கேட்டார்கள். ஆமாம், சாம்பார்தான் என்றேன்.

ராமதுரைக்காகக் குழுவில் ஒரு நிமிட மௌனம் அனுசரித்தார்கள். நானும் படியிலிருந்து எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சீ.

நவம்பர் 10, திங்கள்

எலி கிடைத்துவிட்டது.

வீடு முழுக்கத் தேடினேன், பீரோவை மட்டும் நகர்த்தவில்லை. மேலே கேசட் பெட்டி இருக்கிறது, ஆடிவிடும் என்று சாக்குச் சொன்னேன். இன்று வடிவு, "அத நகத்துனா என்ன கொறஞ்சா போயிருவிய" என்று தானே தோளைக் கொடுத்துத் தள்ளிவிட்டாள். பின்னால் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. தேங்காய்ச் சிரட்டையில் அள்ளிக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, டெட்டால் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

திரும்பி வந்தபோது வடிவு கேசட்டைக் கையில் வைத்திருந்தாள். "நெலையம் பன்னெண்டு, முத்துக்குன்னு எழுதிருக்கு. இது ஆரு கையெழுத்து? ஒங்க கையெழுத்து இல்லையே."

"பழைய சிநேகிதன்."

"எந்தச் சிநேகிதன்? முப்பத்துமூணு வருசமா எனக்குத் தெரியாத சிநேகிதன் ஆரு?"

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று மறுபடியும் கொல்லைக்குப் போனேன்.

நவம்பர் 12, புதன்

ஆதிநாதம் அறிவித்துவிட்டது. இரண்டாம் பதிப்பு போடப்போகிறார்களாம். இருபத்துமூன்றாம் டிராக்கை இப்படியே விடுவதா, உறுமலையும் தட்டையும் கணினி வைத்துத் துடைத்து எடுப்பதா என்று ரசிகர்களே வாக்களிக்க வேண்டுமாம். முப்பதாம் தேதி கடைசி. இசையமைத்தவன் செத்தபிறகு அவன் இசையை நானூற்றறுபது பேர் கைதூக்கி முடிவு செய்கிறார்கள்.

பல் டாக்டர் கட்சி ஜெயிக்கும் போலிருக்கிறது. அறுபதுக்கு நாற்பது. மேதையின் தட்டு என்று நம்புகிறவரை அதை விட்டுவைப்பார்கள். அது மேதையின் தட்டு இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கே துடைத்துவிடுவார்கள்.

இப்படியே விட்டுவிட்டால் என்ன கெட்டுப்போகும்? தட்டு தட்டாகவே இருக்கும்.

நவம்பர் 14, வெள்ளி

மழை. கேஸ் சிலிண்டர் வரவில்லை. குழுவைத் திறக்கவில்லை. மூன்று தடவை திறந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மத்தியானம் சாப்பிடும்போது வடிவு கேட்டாள்: "இன்னாசிதான?"

ரசம் புரையேறிவிட்டது.

"மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு பிள்ள தையக்கடை வச்சிருக்கு, சகாயமேரின்னு. எனக்குச் சட்ட தச்சுத் தார பிள்ள. அவ அப்பா பொன்மலர் தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தாவளாம். படத்தத் திருடுன ஆபரேட்டர்னு ஊருல சொல்லுவாவளே, அவாதான். கடைச் சுவத்துல அவா எழுதுன அளவுப் பட்டியல் தொங்குது. கேசட்டுல உள்ள அதே எழுத்து. கொம்பு கொம்பா."

நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. மோரை ஊற்றிவிட்டு எழுந்துபோனாள். கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

இந்த நோட்டிலாவது எழுதுகிறேன். ராமதுரை என்று யாரும் கிடையாது. கோடம்பாக்கத்தை நான் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். கேசட் பொன்மலர் தியேட்டரின் ஆபரேட்டர் அறையில் பதிவானது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. தினமும் சாயங்காலம் இரும்புப் படியேறி இன்னாசி அண்ணனிடம் போய் உட்கார்ந்துவிடுவேன். படத்தை அங்கிருந்தே எட்டு தடவை பார்த்தேன். ஆபரேட்டருக்குச் சத்தம் தெரிவதற்காக அறைக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருக்கும். அதன் எதிரில் ஸ்டூல் போட்டு, மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப்ரெக்கார்டரை வைத்து இசையைப் பிடிக்கலாம் என்று யோசனை சொன்னது நான். அண்ணன் முதலில் வேண்டாம் என்றார். முதலாளிக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார், பட விநியோகஸ்தர்கள் திருட்டுப் பதிவென்று கேஸ் போட்டுவிடுவார்கள் என்று பயம் அவருக்கு. நான் நச்சரித்தேன். கடைசியில் ஒரு ஏற்பாடு சொன்னார். படியில் முதலாளி செருப்புச் சத்தம் கேட்டால் புரொஜக்டர் மிஷினின் இரும்பு மூடியில் மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் பின்கதவு வழியாக மொட்டைமாடிக்குப் போய்விட வேண்டும்.

நாலு நாள் ஒழுங்காக நடந்தது. படம் ஓடிய பத்தாம் நாள், கடைசி ரீல் ஓடும்போது தட்டினார்.

நான் போய்விட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

வடிவு கடைக்குப் போன நேரத்தில் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். தட்டுக்கு அப்புறம் பூஞ்சை ஒன்றும் கிடையாது. நாற்பது நொடி இருக்கிறது. ஆதிநாதத்துக்கு அனுப்பும்போது அதை வெட்டியது நான்.

தட்டுக்குப் பிறகு என் செருப்பு சரசரவென்று ஓடுகிறது. ஒரு கதவு. பின்னணியில் இசை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் முதலாளி.

"என்னல இது?"

"டேப்பு மொதலாளி."

"ஆருல வச்சது?"

"நாந்தான்."

"வேற எவன் இருந்தான் இங்க? ஓடுத சத்தம் கேட்டுது."

"ஒருத்தரும் இல்ல மொதலாளி. நான் மட்டுந்தான்."

அதற்குப் பிறகு 'சளீர்' என்று ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். அப்புறம் டேப் நிற்கிறது.

இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை முடியவில்லை. பல் டாக்டரையும் கார்முகிலனையும் பார்த்து இத்தனை நாள் குமட்டியதற்கு இன்றைக்குத்தான் ஆள் சரியாகக் கிடைத்தான்.

நவம்பர் 20, வியாழன்

போய்வந்தேன்.

தையல்கடைக்குப் பின்னால் ஒரே அறை. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இல்லை போலிருக்கிறது, நாளைக்கு வரலாம் என்று மனசுக்குள் சந்தோஷமாகத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்துச் சகாயமேரி கடையிலிருந்து ஓடிவந்தாள். "எவ்வளவு தட்டுனாலும் அவாளுக்குக் கேக்காது சார். எடது காதுல மட்டும் கொஞ்சம் கேக்கும். மிசின் சத்தத்துலயே கெடந்தாவள்லா. வாங்க." கதவைத் திறந்து, "யப்பா, ஒங்களப் பாக்க ஒருத்தர் வந்துருக்காவ" என்று கத்திவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

அறுபத்தெட்டு வயது இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஆரு?"

"முத்துண்ணே. சொரிமுத்து."

"காலேசு முத்தா?" என் தலையைப் பார்த்தார். "முடியெல்லாம் கொட்டிப்போச்சே."

உட்காரச் சொல்லவில்லை. நானாக ஸ்டூலில் உட்கார்ந்தேன். போனை எடுத்து, ஹெட்போனை அவர் இடது காதில் வைத்து, ஒலியை முழுக்கக் கூட்டி இருபத்துமூன்றாம் டிராக்கைப் போட்டேன். கீரை உருவுவதை நிறுத்தினார். ஒரு நிமிடம் போயிருக்கும், சிரித்தார்.

"ரெண்டாவது மிசின். பேரிங் போயிருந்துது. கிரீஸ் வாங்கித் தாங்கன்னு மூணு மாசமாக் கேட்டேன். எப்படி உறுமுது பாத்தியா."

சனிக்கோளின் சுழற்சி. பல் டாக்டரை அங்கே கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும் போலிருந்தது.

தட்டு வருகிற இடம் வந்ததும் அவர் விரல் தானாகக் கட்டில் சட்டத்தில் இரண்டு தடவை தட்டியது. அதோடு பாட்டு முடிந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். இடது காதுப் பக்கம் குனிந்து, கத்திக் கத்திச் சொன்னேன். ரகசியமாகச் சொல்ல வேண்டியதை இப்படிக் கத்திச் சொல்ல வைத்துவிட்டது காலம். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். இசைத்தட்டு வந்திருப்பதைச் சொன்னேன். என் பேர் போட்டிருப்பதைச் சொன்னேன். ராமதுரையைச் சொன்னேன்.

அவர் கீரைத்தண்டை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"ஓடுன்னு சொல்லித்தான் தட்டுனேன். நீ ஓடுன. அதுல தப்பு ஒண்ணுமில்ல. மொதலாளி மேனேசரக் கூப்பிடக் கீழ எறங்குன நேரத்துல கேசட்ட உருவி, தூக்குச்சட்டியில சோத்துக்குள்ள பொதச்சேன். அன்னைக்கு மீன்கொழம்பு. வீட்டுல கழுவித் தொடச்சு, ஒம் பேர எழுதி, டீக்கடையில குடுத்து ஒங்கிட்ட சேக்கச் சொன்னேன். கெடச்சுதும் வருவேன்னு நெனச்சேன். வரல. பயந்துருப்பான்னு நெனச்சேன். மறுவாரமும் வரல. பொறவு நெனைக்கிறத விட்டுட்டேன்."

"மொகத்தப் பாக்க தைரியம் வரலண்ணே."

"திருட்டு ஆபரேட்டர்னு மொதலாளி எழுதிக் கையெழுத்து வாங்குனாரு. தென்காசித் தியேட்டர்ல வேலைக்கு ஏத்தல. சங்கரங்கோயில்ல ஏத்தல. இருவத்தெட்டு வருசம் அரிசி ஆலையில காவல். மேரியப் பொண்ணு பாக்க வந்தவனும் அதத்தான் கேட்டான்."

நான் வாக்கெடுப்பைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அந்தத் தட்டைத் துடைத்து எடுத்துவிடுவார்கள், சொல்லாமல் விட்டால் அது இசைத்தட்டில் நிலைத்து நிற்கும் என்றேன். அவருக்காக யோசிப்பதுபோலத்தான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தட்டு கெடக்கட்டும்ல. தட்டுக்குப் பொறவு நாந்தான்னு சொன்னேம்லா, அது இதுல வரலையே. அது எங்க?"

"வெட்டிட்டேண்ணே."

"ஏன் வெட்டுன?"

அவர் மடியிலிருந்த ஹெட்போனை எடுத்து வயரைச் சுற்றினேன்.

"வெட்டுனதப் போடு" என்றார். "எம் பேரச் சொல்லிப் போடு. ஆருக்காகச் சொன்னேன்னும் சொல்லிப் போடு."

வீட்டுக்கு வந்ததும் வடிவு காபி கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். அப்படியே குடித்தேன்.

நவம்பர் 22, சனி

கேசட்டைக் கணினியில் ஏற்றும் வயரை எலி கடித்திருக்கிறது. டேப்பை ஓடவிட்டு, எதிரில் போனைப் பிடித்து அந்த நாற்பது நொடியைப் பதிவு செய்தேன். நடுவில் வடிவின் குக்கர் விசில் விழுந்துவிட்டது. மறுபடி பதிவு செய்ய எனக்குத் தெம்பில்லை.

குழுவில் இப்படி எழுதினேன்: 'நான் சொன்னது அத்தனையும் பொய். ராமதுரை என்று யாரும் இல்லை. கேசட் பாளையங்கோட்டை பொன்மலர் தியேட்டரின் ஆபரேட்டர் இன்னாசி பதிவு செய்தது. யோசனை என்னுடையது. டேப்ரெக்கார்டர் என்னுடையது. உறுமல் புரொஜக்டரின் பேரிங். தட்டு, என்னை ஓடிப்போகச் சொல்லி அவர் தட்டியது. ஓடிப்போனேன். அவர் வேலை போயிற்று, திருடன் என்று பேர் வந்தது. முப்பத்தாறு வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. தட்டுக்குப் பிறகு டேப்பில் இருப்பதை இத்துடன் போடுகிறேன். என் முழுப்பேர் சொரிமுத்து.'

காலை பத்து ஐந்துக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். அடியில் பாசியும் ஒரு செத்த ஓணானும் கிடந்தன. இத்தனை நாள் இந்தத் தண்ணீரில்தான் வாய் கொப்பளித்திருக்கிறோம்.

இறங்கி வந்தபோது முந்நூறு செய்தி.

நவம்பர் 23, ஞாயிறு

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டினார்கள். கார்முகிலன், "சார், இது ஜோக்குன்னு சொல்லுங்க, ப்ளீஸ்" என்று எழுதினான். ஒருவன் 'ஃபிராடு' என்று மட்டும் எழுதியிருந்தான். அதெல்லாம் சரி. எனக்கு வேண்டியதுதான்.

பதினேழாவது செய்தியோ என்னவோ, ஒருவன் எழுதினான்: "ஒரு நிமிஷம். பின்னாடி மியூசிக் கண்டினியூ ஆகுது. இது இதுவரைக்கும் யாரும் கேக்காத நாப்பது செகண்ட்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்னாசி பேரை ஒருவனும் எழுதவில்லை. நாற்பது நொடி, நாற்பது நொடி என்று ஒரே கூத்து. இசை சோகத்திலிருந்து வேறு ராகத்துக்குத் திரும்புகிறதாம். குக்கர் விசிலை ஒருவன் மார்க்கபந்துவின் சிந்தசைசர் என்கிறான். கார்முகிலனுக்குக் கோபம் போய்விட்டது: "அந்த ரெண்டு பேர் வாய்ஸையும் ஏஐல தனியாப் பிரிச்சு எடுத்துட்டா மியூசிக் சுத்தமா கிடைக்கும் ஃப்ரெண்ட்ஸ். அந்த அடி விழற சத்தம் மட்டும் கொஞ்சம் கஷ்டம், ட்ரை பண்ணலாம்."

ஒரு மனுஷன் கன்னத்தில் அறை வாங்குகிறான். அதைத் துடைப்பது கொஞ்சம் கஷ்டமாம்.

போனைக் கட்டிலில் எறிந்தேன். எனக்கு இவர்களைப் பார்த்துக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்ப முடியவில்லை. இதே நாற்பது நொடியை இவர்களுக்கு முன்னால் வெட்டி எறிந்தவன் நான். இவர்கள் இசைக்காக வெட்டுகிறார்கள். நான் அதற்காகக்கூட வெட்டவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

பல் டாக்டர் பழைய கட்டுரையை எடுத்துவிட்டுப் புதிது போட்டிருக்கிறார். 'இரண்டு தட்டு: ஓர் உழைப்பாளியின் கலகம்.' முப்பத்தொரு பக்கம். தட்டுகளின் நடுவிலுள்ள முக்கால் நொடி இப்போது வர்க்கப் போராட்டமாம். படிக்கவில்லை.

மாலையில் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். 2009இல் குழு ஆரம்பித்தது நான். வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். கொல்லைச் சாக்கடையில் அடைப்பு எடுத்ததும் தண்ணீர் இறங்குமே, அப்படி இருந்தது.

நவம்பர் 28, வெள்ளி

ஆதிநாதத்திலிருந்து போன். வாக்கெடுப்பெல்லாம் இனி வேண்டாமாம். இரண்டாம் பதிப்பில் அந்த நாற்பது நொடியைக் குரல்கள் இல்லாமல் போட முடிவு செய்துவிட்டார்களாம். போனில் பதிவு செய்தது போதாது, அசல் கேசட் வேண்டுமாம். "நடந்ததெல்லாம் மறந்துடலாம் சார். உங்க பேரையே பெருசாப் போடறோம். முழுப்பேரா வேணும்னாலும் போடறோம்."

"கேசட் என்னுடையது இல்லை" என்றேன்.

"பின்ன யாரோடது?"

"இன்னாசியுடையது. அவர்கிட்டதான் கேக்கணும்."

"அவர் நம்பர் இருக்கா சார்?"

சகாயமேரியின் நம்பரைக் கொடுத்தேன்.

"சத்தமாப் பேசுங்க" என்றும் சொன்னேன்.

நவம்பர் 30, ஞாயிறு

மழை விட்டிருந்தது. இசைத்தட்டு உறையின் பின்பக்கம் 'எஸ். முத்து' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். மேலே 'ஒலிப்பதிவு: இன்னாசி, ஆபரேட்டர், பொன்மலர் தியேட்டர்' என்று மையில் எழுதினேன். அச்சடித்த ஐந்நூறு பிரதியில் என்னால் திருத்த முடிந்தது இந்த ஒன்றைத்தான். வடிவு பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுனா என்னவாம்" என்றாள். கேசட்டையும் அதோடு ஒரு மஞ்சள்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை, தையல்கடை பூட்டியிருந்தது. சகாயமேரி பூசைக்குப் போயிருப்பாள். பழக்கதோஷத்தில் கதவைத் தட்டினேன். தட்டிவிட்டுத்தான் காது கேட்காதே என்று ஞாபகம் வந்தது. மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். தாழ் போடவில்லை.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உறையைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். என் பேரின் மேல் இழுத்திருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேசட்டை எடுத்து, மஞ்சள் கறையை முகர்ந்தார். முப்பத்தாறு வருடம் கழித்து அதில் என்ன வாசம் இருக்கும்.

"நேத்து மெட்ராசுலேர்ந்து போன் வந்துது" என்றார். "பேச்ச எடுத்துட்டு இசைய மட்டும் போடுதோம்னாவ. நான் சொன்னதச் சொன்னபடி போட்டா வாங்க, இல்லன்னா வராதியன்னு சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்லுதோம்னாவ."

"போடுவாங்களாண்ணே?"

"போடாட்டாப் போறாவ. எங்கிட்டதான கெடக்கு."

கேசட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் இருந்தேன். ஒருமுறை மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் தேங்குவதைப் பற்றிச் சொன்னார், ஓட்டையை அடைக்க நாளைக்கு எம்சீல் வாங்கி வருகிறேன் என்றேன். புறப்படும்போது வாசல்வரை வந்தார்.

"நீ நேரா உள்ள வந்துட்ட, நல்லதாப் போச்சு" என்றார். "இனியும் தட்டிட்டு நிக்காத. எனக்குக் கேக்காது. உள்ள வந்துரு."